பாக்கெட்டில் போட்டிருக்கும் ‘சதவீதம்’ உங்கள் குழந்தைக்கானதா? உணவு லேபிளைப் படிப்பது எப்படி?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ல் தொடங்கிய உயிரியல் பூங்கா, காட்டுக்குள் அருவி என்று லீவு நாளில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போகிற இடம். தூக்குவாளியில் புளிசாதம் இருக்கோ இல்லையோ, பிள்ளைகளுக்கென்று பையில் பிஸ்கட், சிப்ஸ், மாம்பழ ஜூஸ் கண்டிப்பாக இருக்கும்.

அமிர்தியைத் தாண்டி மலை மேலே போனால் சாமை விளையும் ஊர்கள். இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு ‘மலையாளி’ என்று பெயர். கேரளாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆளுகிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக சாமைச் சோறும் களியும் சாப்பிட்ட ஊர்களுக்கும் இப்போது 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாக வந்துவிட்டன.

அந்தப் பாக்கெட்டை வாங்குகிற வேலூர் அப்பாவும் சரி, மலைக் கிராமத்து அம்மாவும் சரி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஒரே சிக்கல்தான். அங்கே இருக்கும் கணக்கு ஒரு பெரிய ஆளுக்காகப் போடப்பட்ட கணக்கு. அதை நம்ம பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் படிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதல் சிக்கல்: லேபிள் ஏன் தமிழில் இல்லை?

சட்டம் கேட்கவில்லை, அதனால் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2020-ல் கொண்டுவந்த லேபிள் விதிமுறைகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்திலான இந்தியில் இருந்தால் போதும். கூடுதலாக வேறு மொழி சேர்த்துக்கொள்ளத் தடை இல்லை, ஆனால் கட்டாயமும் இல்லை. விளம்பரம் மட்டும் அழகான தமிழில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பது பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். இது தமிழ்நாட்டில் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்காத விஷயம். கேட்க வேண்டிய விஷயமும்கூட.

ஆங்கிலம் சரளமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து வார்த்தைகளை அடையாளம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘எனர்ஜி’ என்றால் கலோரி. ‘டோட்டல் சுகர்ஸ்’ என்றால் மொத்தச் சர்க்கரை. அதற்கு நேர் கீழே வரும் ‘ஆடட் சுகர்ஸ்’ என்றால் கம்பெனி தனியாகச் சேர்த்த சர்க்கரை. ‘சாச்சுரேட்டட் ஃபேட்’ என்றால் நிறைவுற்ற கொழுப்பு. ‘சோடியம்’ என்றால் உப்பின் முக்கியப் பகுதி. குழந்தைக்கு வாங்கும் நொறுக்குத் தீனியில் முதலில் பார்க்க வேண்டியவை ஆடட் சுகர்ஸும் சோடியமும்.

மொத்தச் சர்க்கரைக்கும் சேர்த்த சர்க்கரைக்கும் என்ன வித்தியாசம்? பாலில் இயற்கையாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு, பழத்திலும் சர்க்கரை உண்டு. அவை மொத்தக் கணக்கில் வரும். அதனால் பால் பவுடர் கலந்த பொருளில் மொத்தச் சர்க்கரை அதிகமாகத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். கண் போக வேண்டியது சேர்த்த சர்க்கரை வரிக்கு.

அந்த சதவீதம் யாருக்கானது?

ஊட்டச்சத்து அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் 7%, 12% என்று ஏதாவது ஒரு எண் இருக்கும். ஒரு நாளைக்குத் தேவையானதில் இந்த உணவு எத்தனை சதவீதம் தருகிறது என்பது அதன் அர்த்தம். ‘ஏழே ஏழு சதவீதம்தானே’ என்று நாமும் வாங்கிவிடுவோம்.

விதிமுறையைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த சதவீதம் ஒரு நாளைக்கு 2000 கிலோகலோரி சாப்பிடும் சராசரிப் பெரியவரை வைத்துப் போடப்படுகிறது. அவருக்கு மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், டிரான்ஸ் கொழுப்பு 2 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம். இதுதான் அளவுகோல். பாக்கெட்டில் கார்ட்டூன் யானை இருக்கலாம், உள்ளே பொம்மை இருக்கலாம், சதவீதம் மட்டும் அப்பாவுக்குப் போட்டதுதான்!

குழந்தைக்கு எவ்வளவு? ஐ.சி.எம்.ஆர். மற்றும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாள் சக்தித் தேவை 1 முதல் 3 வயது வரை சுமார் 1010 கிலோகலோரி. 4 முதல் 6 வயது வரை 1360. 7 முதல் 9 வயது வரை 1700. சேர்த்த சர்க்கரை உள்ளிட்ட இனிப்புகளிலிருந்து வரும் சக்தி, மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 சதவீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்றும் சொல்கிறது.

ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோகலோரி. அப்படியானால் 5 வயதுப் பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 34 கிராம். 5 சதவீதம் என்றால் 17 கிராம், ஏறக்குறைய மூன்றரை டீஸ்பூன். காலையில் பால், மாலையில் டீ, நடுவில் ஒரு மிட்டாய் என்றாலே இந்த மூன்றரை ஸ்பூன் தாண்டிவிடும்.

கடையில் நின்று இவ்வளவு கணக்கு போட முடியாது என்பது நிஜம். அதற்கு ஒரு குறுக்கு வழி: லேபிளில் இருக்கும் சதவீதத்தை 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு இரண்டால் பெருக்குங்க. 4 முதல் 6 வயதுக்கு ஒன்றரையால் பெருக்குங்க. 7 முதல் 9 வயதுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்க. 20% என்று போட்டிருந்தால் யு.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு அது 30%. துல்லியமான கணக்கு இல்லை என்றாலும், வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க இது போதும்.

100 கிராமா, 20 கிராமா? போர்ன்விட்டா விவகாரம் சொல்வது

2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்பவர் போர்ன்விட்டாவில் சர்க்கரை எவ்வளவு என்று பேசி ஒரு வீடியோ வெளியிட்டார். ‘ஃபுட் ஃபார்மர்’ என்ற பெயரில் சமூக வலைதளத்தில் எழுதுபவர் அவர். வீடியோ வைரலானது. கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, அவர் வீடியோவை நீக்கினார். அதற்குள் விஷயம் நாடு முழுக்கப் போய்விட்டது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சண்டை எதில் என்று கவனிச்சா, லேபிள் படிக்கும் பாடமே அதில் இருக்கு. அப்போது 100 கிராம் பவுடரில் சேர்த்த சர்க்கரை 37.4 கிராம். கம்பெனி சொன்ன பதில்: ஒரு முறை கலக்கும் 20 கிராமில் 7.5 கிராம்தான் சர்க்கரை, அதாவது ஒன்றரை ஸ்பூன். இரண்டுமே உண்மை! மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை என்றால் அதிர்ச்சியாக இருக்கிறது. ஒன்றரை ஸ்பூன் என்றால் சாதாரணமாகத் தெரிகிறது. ஒரே பொருள், ஒரே சர்க்கரை.

காலையும் மாலையும் இரண்டு கப் என்றால் 15 கிராம். 5 வயதுப் பிள்ளையின் மூன்றரை ஸ்பூனில் மூன்று ஸ்பூன் அங்கேயே காலி. நம்ம வீடுகளில் ‘இனிப்பு பத்தலம்மா’ என்றால் அதன் மேல் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடுகிற வழக்கம் வேற. அது எந்த லேபிளிலும் வராது.

அந்த ஆண்டு இறுதியில் கம்பெனி சேர்த்த சர்க்கரையை 100 கிராமுக்கு 32.2 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்கு அறிவுறுத்தியது. காரணம் சுவாரசியமானது: நாட்டின் உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒன்றுக்கு விளக்கமே கிடையாது. இத்தனை வருஷமாக டி.வி. விளம்பரத்தில் கேட்டு வளர்ந்த அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதே மாதத்தில் இந்துஸ்தான் யூனிலீவரும் ஹார்லிக்ஸ் இருக்கும் தன் பிரிவின் பெயரிலிருந்து ‘ஹெல்த்’தை எடுத்துவிட்டது.

‘ஒரு சர்விங்’ என்பதை முடிவு செய்வது கம்பெனி. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கற்பனை செய்து பாருங்க. 100 கிராமில் 24 கிராம் சேர்த்த சர்க்கரை. ஒரு சர்விங் 2 பிஸ்கட், 15 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அதில் சர்க்கரை 3.6 கிராம், பெரியவரின் அளவில் 7%. பாக்கெட்டில் மொத்தம் 60 கிராம் இருக்கு. உலகத்தில் எந்தப் பிள்ளை இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தும்? முழுசாக முடித்தால் 14.4 கிராம். 5 வயதுப் பிள்ளையின் 34 கிராமில் அது 42%. ஏழு எப்படி நாற்பத்திரண்டு ஆனது என்பது புரிகிறதா? இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடும்போது 100 கிராம் கட்டத்தைப் பாருங்க. பிள்ளை எவ்வளவு சாப்பிடப்போகிறது என்று கணக்கிட மொத்த எடையைப் பாருங்க. சர்விங் கட்டத்தை விட்டுவிடலாம்.

சாமை பிஸ்கட்டில் சாமை எவ்வளவு?

அட்டவணைக்குப் பக்கத்தில் ‘இன்கிரிடியன்ட்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். எது அதிக எடையோ அது முதலில் வர வேண்டும், பிறகு இறங்கு வரிசை. இதுதான் விதி. ஆகவே முதல் மூன்று பெயர்கள் அந்தப் பொருளின் ஜாதகம் மாதிரி. பல பிஸ்கட்டுகளில் அந்த மூன்றும் மைதா, சர்க்கரை, பாமாயிலாகவே இருக்கும். ‘ரிஃபைன்டு வீட் ஃப்ளவர்’ என்றால் மைதா. ‘ஹோல் வீட்’ என்றோ ‘ஆட்டா’ என்றோ இருந்தால்தான் முழுக்கோதுமை.

ஜவ்வாது மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது ரொம்பவே உதவும். இப்போது சிறுதானியத்துக்கு மவுசு. சாமை குக்கீஸ், ராகி பிஸ்கட், தினை நூடுல்ஸ் என்று அடுக்கி வைக்கிறார்கள். முன்பக்கத்தில் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டி விற்றால், அது எத்தனை சதவீதம் என்பதைப் பட்டியலில் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கு. சாமைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் தேடுங்க. அது 60-ஆக இருந்தால் சாமை பிஸ்கட். 8-ஆக இருந்தால் மைதா பிஸ்கட், சாமை அதற்கு விருந்தாளி. எண்ணே இல்லையென்றால் யோசிக்க வேண்டியதுதான்.

சர்க்கரை பல பெயர்களில் வரும். லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், இன்வர்ட் சிரப், கார்ன் சிரப் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள்தான். ஒரே பட்டியலில் மூன்று பெயராகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் கீழே தள்ளிப் போய்விடும், முதலிடம் மாவுக்குக் கிடைத்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொருள் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அது சர்க்கரைக் கணக்கில் சேராமல் மாவுச்சத்துக் கணக்கில் போய்விடும், ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் என்று போட்டிருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீங்க. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் தேனும் இந்த வரம்புக்குள்தான் வருகிறது. மலைத்தேனுக்கும் சலுகை இல்லை!

பட்டியலின் கடைசியில் ஐ.என்.எஸ். என்று போட்டு எண்கள் இருக்கும். எண்ணைப் பார்த்ததும் ரசாயனம் என்று பயப்பட வேண்டியதில்லை. 330 என்பது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருப்பது. 500 என்பது சோடா உப்பு வகை. குழந்தைகளுக்குக் கவனிக்க வேண்டியவை 102, 110, 122 போன்ற செயற்கை நிறங்கள். இந்தியாவில் இவற்றுக்கு அளவு வரம்போடு அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலோ இந்த நிறங்கள் சேர்த்த உணவில், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை 2010 ஜூலை முதல் கட்டாயம்.

உப்புக்கு எளிய கணக்கு

சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 2000 மில்லிகிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு, பெரியவரின் ஒரு நாள் வரம்பு. குழந்தைகளுக்குச் சக்தித் தேவைக்கு ஏற்பக் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வசதியாக, கலோரி எண்ணும் சோடியம் எண்ணும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன: 1360 கிலோகலோரி தேவைப்படும் குழந்தைக்கு 1360 மில்லிகிராம் சோடியம். ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டில் 800 மில்லிகிராம் என்று இருந்தால், அந்த ஒரு வேளையிலேயே ஏறக்குறைய 60% முடிந்துவிட்டது. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் இனிமேல்தான்.

முன்பக்கம் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

சில வார்த்தைகளுக்குச் சட்டப்படி அளவு உண்டு. ‘சுகர் ஃப்ரீ’ என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. ‘லோ சுகர்’ என்றால் திட உணவில் 5 கிராம், பானத்தில் 100 மில்லிக்கு 2.5 கிராம். ஆனால் சர்க்கரை இல்லாத இனிப்பு என்றால் பெரும்பாலும் செயற்கை இனிப்பூட்டி இருக்கும். பிள்ளைக்குக் கொடுக்கும் முன் பட்டியலைப் பாருங்க. ‘வீட்டுச்சுவை’, ‘வளரும் குழந்தைகளுக்கு’, ‘பாலின் நன்மை’ போன்றவை விளம்பர வாசகங்கள், அவ்வளவுதான்.

ஜூஸ் தனிக்கதை. ‘100% பழச்சாறு’ என்று லேபிளிலும் விளம்பரத்திலும் போடுவதை நிறுத்தச் சொல்லி 2024 ஜூனில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. அடர்த்தியாக்கிய சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து விற்றவர்களும் அப்படிப் போட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். அமிர்தி போகும் பையில் இருக்கும் மாம்பழ பானத்துக்கு அந்தப் பெருமையும் இல்லை. ‘ஃப்ரூட் டிரிங்க்’ வகைக்குப் பழச்சாறு குறைந்தபட்சம் 10% இருந்தால் போதும் என்பது விதி. மீதியில் தண்ணீரும் சர்க்கரையும்தான் பெரும்பங்கு.

எனர்ஜி டிரிங்க் பற்றி விளக்கமே தேவையில்லை. காஃபின் அதிகமுள்ள அந்தப் பானங்களில் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று அவர்களே போட்டிருப்பார்கள். சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்க. கடைக்காரர் வயசு கேட்பதில்லை.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தால் சத்தான பொருள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது உரிம எண். தயாரித்தவர் யார் என்று கண்டுபிடிக்க உதவும், சத்துக்கான சான்றிதழ் இல்லை.

லேபிளே இல்லாவிட்டால்?

பாக்கெட்டின் மொத்தப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொருள்பட்டியலும் ஊட்டச்சத்து அட்டவணையும் அதில் போட வேண்டியதில்லை. அவற்றை அடக்கி வரும் பெரிய பெட்டியில் போட்டால் போதும். மிட்டாய், சின்ன சாக்லேட் எல்லாம் இதில் வரும். அந்தப் பெரிய பெட்டி கடைக்காரரிடம்தான் இருக்கும், சில சமயம் அதுவும் குப்பைக்குப் போயிருக்கும். ஆக, மிகக் குறைந்த காசுக்குக் குழந்தை தானே போய் வாங்கும் பொருளைப் பற்றித்தான் நமக்குக் குறைவாகத் தெரிகிறது.

பாலிதீன் கவரில் போட்டு பின் அடித்து விற்கும் கலர் அப்பளப்பூ, மிக்சர், கலர் தண்ணி ஐஸ் இதிலெல்லாம் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. தேதி இல்லாததை வாங்காதீங்க. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருப்பதையும் வாங்காதீங்க.

பள்ளி வாசலில் விற்றால்? 2020-ல் வந்த பள்ளி உணவு விதிமுறைகளின்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நம்ம ஊர்ப் பள்ளி வாசலை ஒருமுறை நினைத்துப் பாருங்க.

இரண்டு வயதுக்குக் கீழே கணக்கே வேறு

இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்பதுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்வது. சதவீதக் கணக்கே இங்கே தேவையில்லை, பூஜ்ஜியம். அதே ஆண்டு ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கும் செரலாக் வகைகளில் ஒரு சர்விங்குக்குச் சராசரியாக 3 கிராமை ஒட்டிச் சேர்த்த சர்க்கரை இருப்பதாகவும், ஐரோப்பாவில் அதே மாதிரிப் பொருளில் சேர்க்கப்படுவதில்லை என்றும் அது சொன்னது. இந்திய விதிகளுக்கு உட்பட்டே தயாரிப்பதாக நெஸ்லே பதில் சொன்னது. பிறகு அதே ஆண்டில், சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளையும் அறிமுகப்படுத்தியது. இப்போது கடையில் இரண்டும் கிடைக்கும். அட்டை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பதால், திருப்பி ‘ஆடட் சுகர்ஸ்’ வரியைப் பார்த்து வாங்குங்க.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஜூஸ் கொடுத்த கதை

லேபிளைத் தப்பாகப் படிப்பது உயிரோடு விளையாடுகிற இடம் ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கு. பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளோடு சர்க்கரை அதிகமுள்ள பானங்கள் பல வருஷமாக மருந்துக்கடைகளிலேயே விற்கப்பட்டன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் சுமார் எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று, எந்தப் பானத்தின் பெயரிலும் அந்த எழுத்துகள் கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. முன்பு கொடுத்த அனுமதியும் திரும்பப் பெறப்பட்டது.

ஏன் இவ்வளவு முக்கியம்? உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படியான உப்பு சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். சர்க்கரை இதைவிட ரொம்ப அதிகமானால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு கூடும். பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும் மலைக் கிராமத்தில் இந்தத் தவறுக்கு விலை அதிகம். பொடி பாக்கெட்டில் இந்த அளவுகள் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்.

சரி, பிள்ளைக்கு என்னதான் கொடுக்கிறது?

லேபிள் தேவைப்படாத உணவு நம்மிடம் இருக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் சாமையில் புரதம் சுமார் 10 கிராம், நார்ச்சத்து 7.7 கிராம். பச்சரிசியில் புரதம் 8 கிராமை ஒட்டி, நார்ச்சத்து 2.8 கிராம். கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். சாமையில் கால்சியம் 16 மில்லிகிராம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறுதானியம் எல்லாம் ஒன்றே, எல்லாம் சர்வரோக நிவாரணி என்கிற பேச்சை நம்ப வேண்டாம். சாமைப் பொங்கல் ஒரு நாள், கேழ்வரகு அடை ஒரு நாள், முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம் என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதே நல்லது.

அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகவே கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. வயிறு நிறைய சாப்பிட்ட பிள்ளை 11 மணிக்குப் பாக்கெட் தேடாது. அதற்காகப் பாக்கெட்டையே தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டால், பிள்ளை ஒளித்து வைத்துச் சாப்பிடும். வாரம் ஒருமுறை, சின்னப் பாக்கெட், அதுவும் பிள்ளையே லேபிள் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று வைத்துப் பாருங்க. படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ‘எதில் சுகர் கம்மி?’ என்பது ஒரு விளையாட்டு.

முன்பக்கத்திலேயே எச்சரிக்கை வராதா?

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறார்கள். 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அதற்கு விளம்பரமும் செய்யக் கூடாது.

இந்தியாவில் 2022 செப்டம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நட்சத்திர மதிப்பெண் முறைக்கு வரைவு வெளியிட்டது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து வரை. எச்சரிக்கை முத்திரை கேட்டவர்களுக்கு இதில் திருப்தி இல்லை. நியாயமான கோபம்தான். சர்க்கரை நிறைந்த பொருளிலும் ஒன்றிரண்டு நட்சத்திரம் மின்னினால், வாங்குகிறவருக்கு அது பாராட்டு மாதிரித்தான் தெரியும். விஷயம் உச்ச நீதிமன்றம் போய், 2025 ஏப்ரலில் நிபுணர் குழு மூன்று மாதத்தில் பரிந்துரை தர வேண்டும் என்று உத்தரவானது. பிறகு கால அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

எங்கே புகார் செய்வது?

காலாவதியான பொருள், தேதி அழிக்கப்பட்ட பாக்கெட், லேபிளே இல்லாத தின்பண்டம், பள்ளி வாசலில் விற்பனை எதுவாக இருந்தாலும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்பலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ செயலியிலும் பதிவு செய்யலாம். பாக்கெட்டின் முன், பின் இரண்டு பக்கமும், பேட்ச் எண்ணும், 14 இலக்க உரிம எண்ணும் தெளிவாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்க. கடையின் பெயரையும் ஊரையும் எழுதுங்க. பில் இருந்தால் சேருங்க. சாப்பிட்டுப் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போயிருந்தால், மீதி இருப்பதைத் தூக்கிப் போடாமல் அப்படியே கட்டி வைத்துக்கொண்டு முதலில் டாக்டரைப் பாருங்க.